இரண்டு நாடாக்கள்

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளரிடம் 'நாடா' என்று சொன்னால், ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவுக்கு நடுவே இடமும் வலமும் ஓடும் மரக்கட்டையைத்தான் நினைப்பார். பழைய கணிப்பொறி ஆளிடம் சொன்னால் காந்த நாடா ஞாபகத்துக்கு வரும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயல். ஆனால் இந்த இரண்டு நாடாக்களின் வரலாறும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டிலும் கேள்விகள் மூன்றுதான். என்ன செய்ய வேண்டும் என்பதை எங்கே எழுதி வைப்பது? அதை எந்த விசை இயக்குவது? செய்து முடித்தது சரியா என்று எப்படி அளப்பது? பதிவு, இயக்கம், அளவை.

முதலில் பதிவு. புடவையின் கரையில் ஒரு அன்னப்பட்சி வர வேண்டுமென்றால், ஒவ்வொரு ஊடைக்கும் எந்தெந்தப் பாவு இழைகள் மேலே எழ வேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் ஒரு காலத்தில் அது 'அடை' என்ற கயிற்று அமைப்பில் இருந்தது. பாவுக்கு மேலே செங்குத்தாகக் கட்டிய நூல்களில் உருவம் முடிச்சுகளாக உட்கார்ந்திருக்கும். நெசவாளர் கூப்பிட, உதவியாள் உரிய கயிற்றை இழுத்துக் கொடுப்பார். நினைவு கயிற்றில், வாசிப்பது மனிதக் கை.

பிரான்ஸின் லியோன் நகரப் பட்டுத் தறிகளிலும் இதே கதைதான். அங்கே 1725இல் பாசில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டுவந்தார். 1728இல் ஃபால்கோன் சுருளை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று கோத்த அட்டைகளை வைத்தார். 1745இல் வோகான்சோன் உதவியாள் இல்லாமலே இயங்கும் அமைப்புக்கு முயன்றார். 1804இல் ஜக்கார்டு இவை எல்லாவற்றையும் சேர்த்து, உண்மையாகவே வேலைக்கு ஆகும் ஒரு பெட்டியாக்கினார். துளை இருந்தால் கொக்கி எழும், இல்லாவிட்டால் எழாது. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. 1839இல் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் பிடித்தன. அதில் ஒரு பிரதியை சார்லஸ் பாபேஜ் வைத்திருந்தார். தன் பகுப்புப் பொறிக்குத் துளை அட்டை என்ற யோசனையை அவர் எடுத்துக்கொண்டது இந்தத் தறியிலிருந்துதான்.

இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பெட்டி காஞ்சிபுரத்துக்கும் வந்து சேர்ந்தது. அடை மெல்ல மறைந்தது. இன்றைக்கு பிள்ளையார்பாளையம் பக்கம் தெருவில் நடந்தால், தறிக்கு மேலே உத்தரத்தோடு சேர்த்துக் கட்டிய ஜக்கார்டு பெட்டியையும், அதிலிருந்து மாலைபோலத் தொங்கும் அட்டைக் கட்டையும் பார்க்கலாம். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு அதைப் பார்த்ததும் கணக்குப் போடத்தான் தோன்றும். 240 கொக்கி, 500 அட்டை என்று வைத்துக்கொள்வோம். 1,20,000 துளை அல்லது துளையின்மை. கணிப்பொறி மொழியில் 15,000 பைட். கைபேசியில் அனுப்பும் ஒரு 'காலை வணக்கம்' படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் அந்த 15,000 பைட்டை வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, ஒவ்வொரு அட்டையாகத் துளையிட்டு, வரிசை தப்பாமல் கயிற்றால் கோத்து முடிக்க நாள்கணக்கில் ஆகும்.

அட்டையிலிருந்து நாடாவுக்குப் போன கதையிலும் சரிகை வாசனை உண்டு. சரிகை என்பது என்ன? பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேலே பொன் பூச்சு. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர் சிகரெட் நுனியில் பொன்னிறப் பட்டை போடும் தொழில்நுட்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். காகிதத்தின் மேல் உலோகத்தூளை ஒட்ட முடியுமென்றால், காந்தமாகக்கூடிய தூளையும் ஒட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1928இல் இரும்பு ஆக்சைடு பூசிய காகித நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1935இல் பெர்லினில் ஏஇஜி நிறுவனம் அந்த வழியில் செய்த ஒலிப்பதிவுக் கருவியைக் காட்சிக்கு வைத்தது. மினுக்குக்காகத் தொடங்கிய உலோகப் பூச்சு நினைவகமாக மாறிவிட்டது.

1952இல் ஐபிஎம் 726 என்ற நாடா இயந்திரம் வந்தது. ஒரு சுருளில் சுமார் 20 லட்சம் எழுத்துகள். 80 எழுத்து கொள்ளும் துளை அட்டையில் எழுதினால் 25,000 அட்டை. கொள்ளளவைவிட எனக்குப் பிடித்தது அதன் இயக்கம். நாடா நொடிக்கு 75 அங்குலம் ஓட வேண்டும். சொன்ன இடத்தில் சட்டென்று நிற்க வேண்டும். மறுபடி சட்டென்று கிளம்ப வேண்டும். கனமான சுருளை அப்படி நிறுத்தி ஓட்டினால் மெல்லிய நாடா அறுந்துபோகும். பொறியாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், சுருளுக்கும் வாசிக்கும் தலைக்கும் நடுவில் காற்றை உறிஞ்சும் ஒரு செங்குத்துக் குழலை வைத்து, அதற்குள் நாடாவைத் தொய்வாக ஒரு வளைவு விட்டார்கள். தலைக்குப் பக்கத்தில் நாடா எவ்வளவு வேகமாகத் துடித்தாலும், அந்தத் துடிப்பை வளைவு வாங்கிக்கொள்ளும். வளைவு மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று உணர்ந்து சுருளின் மோட்டார் நிதானமாகச் சுற்றும். பளு ஒரு பக்கம், நுட்பம் மறு பக்கம், நடுவில் ஒரு தொய்வு. மோட்டார் கட்டுப்பாட்டில் இதைவிட அழகான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தப் பாடத்தோடு காஞ்சிபுரத் தறிக்குத் திரும்பலாம். ஜக்கார்டு பெட்டி உதவியாளின் கையை விடுவித்தது. ஆனால் பளு முழுவதும் நெசவாளரின் காலுக்கு வந்தது. ஒவ்வொரு ஊடைக்கும் மிதியை அழுத்தினால்தான் கொக்கிகளும் அவற்றில் தொங்கும் எடையும் மேலே எழும். நாளெல்லாம் குழிக்குள் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டும். "கை எண்பது வயசு வரைக்கும் நெய்யும் தம்பி, முட்டிதான் அம்பதுலயே சொல்லிடுது" என்றார் ஒரு பெரியவர். அவர் வீட்டில் ஜக்கார்டைத் தூக்க இப்போது ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. நாடா எறிவதும், அச்சை இழுத்து அடிப்பதும், இழை அறுந்தால் முடிவதும் இன்னமும் கையால்தான். வெளிச்சம் போதாத அந்த அறையில் மோட்டார் ஒருமுறை முனகும், பெட்டி எழும், அவர் நாடா எறிவார்.

அப்படியென்றால் அது கைத்தறியா, விசைத்தறியா?

வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை இது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. முதலில் 22 ரகங்கள். 1996இல் 11 ஆகக் குறைந்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. அந்தச் சட்டம் கைத்தறி என்றால் என்னவென்று நேரடியாகச் சொல்வதில்லை. விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. விசைத்தறி என்றால் விசையால் இயங்கும் தறி. விசை என்றால் என்னவென்று பார்க்க 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்துக்குப் போக வேண்டும்: மின்சாரம், அல்லது மனிதரோ விலங்கோ உண்டாக்காத, இயந்திரத்தின் வழி கடத்தப்படும் வேறு ஆற்றல். பெரியவரின் மோட்டார் தறியை ஓட்டவில்லை, தறியின் ஒரு பகுதியைத் தூக்குகிறது. அது 'விசையால் இயங்கும் தறி' ஆகுமா என்பதற்கு அந்த வரிகளில் தெளிவான பதில் இல்லை.

2012 வாக்கில் வரையறையை மாற்ற ஒரு யோசனை கிளம்பியது. நெசவின் ஏதாவது ஒரு கட்டத்தில் மனித உழைப்பு இருந்தால் போதும், கலப்புத் தறியும் கைத்தறிதான் என்பது அதன் சாரம். கைத்தறிக்காரர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தது நியாயம் என்றே நினைக்கிறேன். 'ஏதாவது ஒரு கட்டம்' என்றால், விசைத்தறிக்குப் பக்கத்தில் பொத்தானை அழுத்த ஒருவர் நின்றாலே போதுமே! அதற்காகப் பெரியவரின் முட்டியை மோட்டாருக்கு எதிராக நிறுத்துவதும் நியாயமில்லை. 726 சொல்லும் பாடம் இங்கே உதவும். எந்தக் கட்டம் பளு, எந்தக் கட்டம் நுட்பம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பாவை விரித்துத் தூக்குவது பளு. நாடா எறிவதும் அடிப்பதும் நுட்பம். இழையின் இழுப்பு விரலுக்குத் தெரிவது அங்கேதான். நாடா இயந்திரத்தில் தொய்வு செய்த வேலையைத் தறியில் செய்வது அந்தக் கை. பளுவுக்கு மோட்டார் இருக்கட்டும். நாடாவும் அச்சும் கையில் இருக்க வேண்டும் என்று வரையறை பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும்.

உழைப்பைக் குறைப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. காஞ்சிபுரத்தின் பெருமையான கோர்வையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள், இரண்டு ஆட்கள். அந்த இரண்டாவது ஆள் பல வீடுகளில் ஒரு குழந்தையாக இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், கோர்வை அருகியது. 'பழைய கோர்வை போச்சே' என்று வருத்தப்படுகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் கருவி வராவிட்டால் கலை மிஞ்சாது. அல்லது மறுபடி ஒரு குழந்தை வந்து உட்காரும்.

மூன்றாவது, அளவை. சரிகையை 'மார்க்' கணக்கில் விற்கிறார்கள். ஒரு மார்க் 242 கிராம். காஞ்சிபுரத்தில் உள்ள அரசின் ஜரிகை ஆலை சொல்லும் சேர்மானம்: தங்கம் 0.5 சதவீதம், வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24. கணக்குப் போட்டால் ஒரு மார்க்கில் தங்கம் ஒன்றேகால் கிராமுக்கும் சற்றுக் குறைவு. உரைகல்லில் தேய்த்தால் தெரிவது மேல்பூச்சு மட்டும். ஊடுகதிர் கருவி வேறு மாதிரி வேலை செய்கிறது. கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும்; வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சில நிமிடத்தில் சொல்லிவிடும். வாங்குகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்தக் கருவி உலோகத்தைத்தான் அளக்கும். புடவையைக் கை நெய்ததா, விசை நெய்ததா என்று அதற்குத் தெரியாது. அளக்க முடியாத இடத்தில்தான் சட்டத்தின் வார்த்தைகள் நிற்கின்றன. அதனால்தான் அந்த வார்த்தைகள் துல்லியமாக இருக்க வேண்டியிருக்கிறது.

பதிவிலும் ஒரு கணக்கு பாக்கி. இப்போது மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டை கிடையாது, கொக்கியை மின்காந்தம் பிடிக்கிறது, உருவம் பென்டிரைவில் வருகிறது. வேலை எளிது, செலவும் மிச்சம். ஆனால் அட்டைக் கட்டை யாரும் ஒரு நிமிடத்தில் நகலெடுக்க முடியாது. அதன் கனமே அதற்குக் காவலாக இருந்தது. 15,000 பைட் கோப்புக்கு அந்தக் காவல் இல்லை. காலையில் வரைந்த கரை சாயங்காலம் எங்கோ ஒரு விசைத்தறியில் ஓடலாம். 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். ஒருவர் வரைந்த அன்னத்தை அது காக்காது.

அட்டையைக் கரையான் அரிக்கும், காந்த நாடாவில் ஆண்டுகள் போனால் பூச்சு பிசுபிசுத்து உதிரும். எந்தப் பதிவும் நிரந்தரம் இல்லை. கோப்பும் அப்படித்தான். ஆனால் அது அழிவதற்கு முன்னால் அதில் இருக்கும் உருவங்களை யார் வரைந்தார்கள் என்று கூட்டுறவுச் சங்கங்கள் எழுதி வைக்கலாம். அட்டையில் துளையைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. கோப்பில் ஒரு பெயருக்கு இடம் இருக்கிறது. பத்து இருபது பைட் போதும்.