ஐ.பி. தடைப்பட்டியல்

எரிதம், ஊடுருவல் முயற்சி ஆகியவற்றில் சிக்கிய ஐ.பி. முகவரிகளின் தொகுப்பு. இத்தகைய பட்டியல்களை வெளியிடும் அமைப்புகளுள் 1998இல் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் புகழ்பெற்றது.

காரணம்: பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும்போது, ஒருவர் கணினியிலுள்ள நச்சுநிரலால் மற்றவர்களும் தடைபடுவர். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (பொ.ஆ. 921), கணக்குக் காட்டாத ஊர் வாரியத்தாரின் உறவினரையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கியதைப் போன்றது இது.

கண்டறிதல்: தளம் கைப்பேசித் தரவில் திறந்து, வீட்டு இணைப்பில் மட்டும் திறக்காவிட்டால் முகவரி காரணமாகலாம். ஸ்பாம்ஹாஸின் பி.பி.எல். பட்டியலில் வீட்டு முகவரி இருப்பது இயல்பே. அது மின்னஞ்சல் வடிகட்டலுக்கானது.

தீர்வு: முதலில் நச்சுநிரலை நீக்கி, ரூட்டர் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். சில இணைப்புகளில் ரூட்டரை அணைத்துப் போட்டால் புது முகவரி கிடைக்கும். பகிர்ந்த முகவரியாயின் இணைய நிறுவனத்திடமே முறையிட வேண்டும்.