தாய்ப்பாலும் இரும்புச்சத்தும்

தாய்ப்பாலில் எல்லாமே இருக்கிறது என்பார்கள். கிட்டத்தட்ட உண்மைதான். ஆனால் ஒரு லிட்டர் தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து சுமார் 0.3 மில்லிகிராம்தான்! இயற்கை இப்படிக் கஞ்சத்தனம் காட்டுவது ஏன்?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் வான் பூங்கே. நாயின் பாலையும் பிறந்த நாய்க்குட்டியின் உடலையும் எரித்து, சாம்பலில் உள்ள தாதுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார். (கேட்கவே சங்கடமான ஆராய்ச்சிதான்.) மற்றத் தாதுக்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருந்தன. இரும்பு மட்டும் பாலில் மிகக் குறைவு. அப்படியானால் குட்டி பிறக்கும்போதே இரும்பைச் சேமித்துக்கொண்டு வருகிறது என்று முடிவு செய்தார். கணக்கு ஏட்டில் ஆரம்ப இருப்பு என்று எழுதுவோமே, அது போல! மனிதக் குழந்தைக்கு இந்த இருப்பு சுமார் ஆறு மாதம் தாங்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதற்கும் முன்பே தீர்ந்துவிடும்.

தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியவர் ஹெலன் மக்கே. 1920களில் கிழக்கு லண்டனின் ஏழைக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் இவர். வெளிறிப்போன குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார், இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்தார். ரத்தசோகை குறைந்தது, அடிக்கடி வரும் நோய்களும் குறைந்தன. 1928இலும் 1931இலும் இதை விரிவாக வெளியிட்டார். 1934இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிஸிஷியன்ஸின் முதல் பெண் ஃபெல்லோவும் ஆனார்.

அதே காலத்தில் கனடாவின் டொரான்டோ நகரில் டிஸ்டால், டிரேக், பிரவுன் என்ற மூன்று டாக்டர்கள் 'பாப்லம்' என்ற குழந்தை உணவைத் தயாரித்தார்கள். கோதுமை, ஓட்ஸ், மக்காச்சோளம், ஈஸ்ட், எலும்புத்தூள், இரும்பு எல்லாம் அதில் உண்டு. ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தியது என்பதால் கலக்கிக் கொடுத்தால் போதும்.

வசதி வந்ததும் அவசரமும் வந்தது. 1950களில் அமெரிக்காவில் பிறந்த சில வாரங்களிலேயே தானியக் கூழ் ஊட்டச் சொன்ன டாக்டர்களும் இருந்தார்கள். இருப்பு தீராத பிள்ளைக்கு எதற்கு அது? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்ல 2001 ஆயிற்று.

ஏழாவது மாதத்திலிருந்து கதை வேறு. அமெரிக்க வல்லுநர் குழு 2001இல் வகுத்த அளவுப்படி அந்த வயதில் தினமும் 11 மில்லிகிராம் இரும்பு தேவை. தாய்ப்பாலில் கிடைப்பது அரை மில்லிகிராம்கூட இல்லை. வெறும் தானியக் கஞ்சியும் கை கொடுக்காது, தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில் ஏதாவது ஒன்றைத் தினமும் கொடுக்கச் சொல்கிறது, 2023இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி.