முத்துக்காசில் அச்சான செபம்

பிரான்சின் பெரி கோமகன் தனியே செபிக்க, லிம்பூர்க் சகோதரர் மூவர் கன்றுத்தோல் ஏடுகளில் தங்கமும் நீலமும் இழைத்து ஒரு செபநூலைத் தீட்டினார்கள். 1416இல் கோமகனும் ஓவியர்களும் இறக்க, வேலை பாதியில் நின்றது.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் செபநூலுக்குப் பொன்பூச்சு இல்லை. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். போர்த்துக்கீசிய மறைக்கல்வி நூலொன்றை என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் தமிழாக்கினார். அச்சுப் பணிக்குப் பொருள் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள்; கடலடியில் மூச்சடக்கிச் சேர்த்த காசு. நம் அச்சு வரலாற்றில் இதைவிட நெகிழ்ச்சியான பக்கம் வேறில்லை.

இந்திய எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் இதுவே மிகப் பழையது. அதன் பிரதியொன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.