குன்றத்தூர்: போக்குவரத்தும் தகவல் தொடர்பும்

குன்றத்தூர், காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னையின் தென்மேற்கு ஓரமாக உள்ள நகராட்சி. அதே பெயர் கொண்ட வட்டத்தின் தலைமையிடம். பல்லாவரத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, அடையாற்றின் வடகரைப் பக்கம் அமைந்தது. தென் மாவட்டங்களுக்குப் போகும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை ஊருக்குக் கிழக்கே பல்லாவரம், தாம்பரம் வழியாகச் செல்கிறது. பெங்களூர் நெடுஞ்சாலை வடக்கே பூந்தமல்லி வழியாகச் செல்கிறது. இரண்டும் குன்றத்தூரைத் தொடுவதில்லை. ஊருக்கு ரயில் நிலையமும் கிடையாது. எனவே இவ்வூரின் போக்குவரத்து வரலாறு பெருவழிகளைப் பற்றியது அல்ல. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குச் சாலைகளைப் பற்றியது. சென்னையின் புறநகர்கள் பலவற்றின் வரலாறும் இதுதான் என்பதால் குன்றத்தூரைத் தனியே அறிவது பயனுள்ளது.

சோழர் காலம்

தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்றான புலியூர்க் கோட்டத்தில் குன்றத்தூர் இருந்தது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. 12-ஆம் நூற்றாண்டில், அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்த அவர், சோழ நாட்டில் கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்து இறைவனிடம் பெரும் பற்றுக் கொண்டிருந்தார். அந்தத் தலத்தை நினைந்து சொந்த ஊரிலும் ஒரு நாகேசுவரம் எழுப்பினார். இன்று அதை வடநாகேசுவரம் என்கிறார்கள். நினைத்தபோது போய்த் தொழ முடியாத தொலைவில் இருந்த கோயிலை ஊருக்கே கொண்டுவந்தது, தூரத்தை வென்ற ஒரு பழைய வழி.

பெரியபுராணமும் ஒரு வகையில் தொடர்பு நூல்தான். நாயன்மார்கள் வாழ்ந்த ஊர்கள் சோழ, பாண்டிய, சேர, தொண்டை, நடு நாடுகளில் சிதறிக் கிடந்தன. அவர்களில் வேளாளர், குயவர், வேடர், மீனவர், வணிகர், அரசர் என எல்லாரும் உண்டு. ஊருக்கு ஊர் வழங்கிய செய்திகளை ஒரே காப்பியத்தில் சேர்த்தவர் சேக்கிழார். நூல் தில்லையில் அரங்கேறியபின், ஏட்டுச் சுவடியை யானைமேல் ஏற்றி வீதி உலா நடத்தினார்கள் என்பது மரபு. அதன்பின் ஏழு நூற்றாண்டுகள் படியெடுப்போர் கையால் ஓலையிலிருந்து ஓலைக்கு அது பயணம் செய்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1852-இல் பெரியபுராணத்தை உரைநடையாக்கி அச்சிட்டபோது, குன்றத்தூர்க்காரரின் நூல் எழுத்துக்கூட்டிப் படிப்போர் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

தறியும் கடலும்

குன்றத்தூரில் பட்டு நெசவும், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள அனகாபுத்தூரில் பருத்தி நெசவும் நெடுங்காலமாக நடந்தவை. நெசவாளர் தெருவுக்குச் சாலை வெறும் வழி மட்டுமல்ல, வேலை செய்யும் இடமும் அதுவே. வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். அந்த நேரத்தில் வண்டிகள் ஒதுங்கிப் போக வேண்டும். வாகனங்கள் பெருகியபோது நெசவாளர் முதலில் இழந்தது தெருவைத்தான்.

அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த கட்டம்போட்ட துணி, 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' என்ற பெயரில் கடல் கடந்து நைஜீரியாவுக்குப் போனது. அங்கே நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபரி மக்கள் மெட்ராஸ் கட்டத் துணியை 'இன்ஜிரி' என்பர். பிறப்பு, மணம், இறப்புச் சடங்குகளில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. நெய்தவரும் உடுத்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. துணிதான் அவர்களை இணைத்தது. நைஜீரியா இறக்குமதியைத் தடுத்தபின் இந்த வணிகம் சரிந்தது. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் எடுத்த முடிவு ஒன்று அடையாற்றங்கரையில் தறிகளின் ஓசையை அடக்கியது. பின்னர் அனகாபுத்தூர் நெசவாளர் வாழைநார் முதலிய இயற்கை இழைகளில் சேலை நெய்து புதிய சந்தை தேடினர்.

ரயில், அஞ்சல், பேருந்து

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1870-களில் எழும்பூரிலிருந்து தெற்கே போன மீட்டர் கேஜ் பாதை பல்லாவரம், தாம்பரம் வழியே அமைந்தது. 1931-இல் கடற்கரை–தாம்பரம் இடையே மின்சார ரயில் வந்தது. அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 வரை ஓடின. ரயில் குன்றத்தூருக்கு வரவில்லை; பல்லாவரம் நிலையம்தான் ஊரின் ரயில் வாசலாயிற்று. நிலையத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாக ஆற்றைக் கடந்து குன்றத்தூர் சேரும் சாலை அதனால் முக்கியத்துவம் பெற்றது.

1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் முறை நாட்டில் நடைமுறைக்கு வந்தது. குன்றத்தூரின் எண் 600 069. முதல் மூன்று இலக்கங்கள் சென்னையைக் குறிப்பவை. வருவாய்க் கணக்கில் காஞ்சிபுரத்தையும் கடித முகவரியில் சென்னையையும் சேர்ந்த ஊராக இது ஆனது. மாநகர எல்லை வந்து சேருமுன்பே அஞ்சல் பை வந்து சேர்ந்துவிட்டது.

அதே 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது; இன்றைய மாநகர் போக்குவரத்துக் கழகம் அதன் தொடர்ச்சி. தாம்பரத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் பேருந்துகள் குன்றத்தூர் வழியே சென்றதால், நகரத்துக்குள் நுழையாமலே இரு பெருவழிகளுக்கும் இடையே போக முடிந்தது. ஆடிக் கிருத்திகையன்று குன்றின்மேல் உள்ள முருகன் கோயிலின் 84 படிகளை ஏற வருவோரில் பெரும்பாலோர் இப்படி ரயில், பேருந்து என்று மாறி மாறி வருபவர்களே. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. கோயில் வாசலில் பூ விற்பவருக்கும், வீட்டு வேலைக்குப் போரூர் பக்கம் போகிறவருக்கும் தினமும் கையில் மிஞ்சும் அந்தச் சில்லறை பெரிய தொகை.

தொலைபேசியும் தொழிற்சாலையும்

1980-களின் பிற்பகுதியிலிருந்து எஸ்.டி.டி. பூத்துகள் புறநகர்களில் பரவின. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்ணைப் பார்த்தபடியே பேசி முடிப்பது ஒரு தலைமுறையின் பழக்கம். கைப்பேசி வந்ததும் அது மறைந்தது. கைப்பேசியைப் பேசப் பயன்படுத்திய இந்த வட்டாரம் அதைச் செய்யவும் தொடங்கியது. குன்றத்தூரிலிருந்து மேற்கே போகும் சாலை முடியும் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1998-இல், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பமாகியிருந்தது. ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பேருந்துகள் அதிகாலையிலும் நள்ளிரவிலும் இந்தச் சாலைகளில் ஓடலாயின. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை நின்றபோது, அந்தப் பேருந்துகளுக்குக் காத்திருந்த இளம் பெண்கள் பலரும் வேலை இழந்தனர்.

வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் சுமார் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையின் வண்டலூர்–நெமிலிச்சேரி பகுதி 2014-இல் திறக்கப்பட்டது. எஞ்சிய பகுதி 2021-இல் முடிந்தது. குன்றத்தூரை ஒட்டிச் செல்லும் முதல் பெருஞ்சாலை இதுவே. அதே 2021-இல் பேரூராட்சியாக இருந்த ஊர் நகராட்சி ஆயிற்று.

தொடர்பு அறுந்த நாட்கள்

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகப் போய்த் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேரும். 2015 டிசம்பர் 1 இரவு ஏரியிலிருந்து நொடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. சாலைகள் மூழ்கின; மின்சாரம் நின்றது; கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மீனம்பாக்கம் விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. தாம்பரத்துக்குத் தெற்கே மறைமலைநகரில் உள்ள அச்சகத்துக்கு ஊழியர் போக முடியாததால், 1878-இல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. செய்தி எழுதத் தடையில்லை. அச்சகத்துக்குப் போகத்தான் வழியில்லை. தகவல் தொடர்பு எத்தனை வேகமாக வளர்ந்தாலும் அதன் அடியில் ஒரு சாலை இருக்கிறது என்பதை அன்று நகரம் உணர்ந்தது. தண்ணீரின் பழைய வழியை மறித்துப் போட்ட சாலை, தண்ணீர் வரும்போது சாலையாக இருக்காது என்பதையும் உணர்ந்தது. ஏரி, கால்வாய், ஆறு இவற்றோடு ஒத்துப்போகும் பாலங்களும் மதகுகளும் இவ்வட்டாரத்தின் போக்குவரத்துக்கு ரயிலைப் போலவே இன்றியமையாதவை.

இன்றைய நிலை

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடம் போரூர் வழியாக அமைகிறது. இதுவும் குன்றத்தூரைத் தொடாது. முன்பு பல்லாவரத்தில் இறங்கியவர்கள் போலவே, மெட்ரோவில் வருவோரும் போரூரிலோ பூந்தமல்லியிலோ இறங்கிப் பேருந்தையோ ஷேர் ஆட்டோவையோ தேட வேண்டும். பெருவழியிலிருந்து வீடு வரையுள்ள அந்தச் சில கிலோமீட்டர்களைச் சீராக வைத்திருப்பதே குன்றத்தூருக்கு எக்காலத்திலும் முதல் தேவை.