சராசரிக்குள் மறையும் பழுது: கொல்லிமலையிலிருந்து சேவைத்தரத்தை அளத்தல்

2020 நவம்பர் 21 அன்று முதன்மைத் தரவு மையத்தில் மின்சாரம் தடைப்பட்டு எச்.டி.எஃப்.சி. வங்கியின் இணையச் சேவை முடங்கியது. இரண்டு ஆண்டுகளாகவே இப்படி முடக்கங்கள் நேர்ந்துவந்ததால், அடுத்த மாதமே புதிய டிஜிட்டல் திட்டங்களுக்கும் புதிய கடன் அட்டைகளுக்கும் ரிசர்வ் வங்கி தடை போட்டது. அது முழுமையாக நீங்க 2022 மார்ச் ஆனது. 2024 ஏப்ரலில் கோட்டக் மகிந்திரா வங்கி மீதும் இதே போன்ற நடவடிக்கை வந்தது. அந்த ஆணை கணினிச் சாதனங்களின் இருப்புக் கணக்கு, மென்பொருள் திருத்தங்களை நிறுவும் முறை, மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் முறை ஆகியவற்றில் இருந்த குறைகளைச் சொன்னது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளின் ஆய்விலும் சுட்டப்பட்டவை உரியபடி சரிசெய்யப்படவில்லை என்பதே அதன் அடிப்படை. முடங்கிய நிமிடங்களைவிடத் திரும்பத் திரும்ப வந்த காரணங்களே அங்கே எடை பெற்றன.

பெருநிறுவனங்களின் வழக்கமான அளவுகோல் வேறு. சேவை எத்தனை விழுக்காடு நேரம் கிடைத்தது, பழுதுப் பதிவான டிக்கெட் எவ்வளவு விரைவாக மூடப்பட்டது என்பவையே மாதாந்திர அறிக்கையில் ஏறுகின்றன. 1980களின் இறுதியில் பிரிட்டன் அரசு தொகுக்கத் தொடங்கிய, தகவல் தொழில்நுட்பச் சேவைகளை நிர்வகிப்பதற்கான ஐடிஐஎல் நெறிமுறை, சேவையை மீட்பதையும் பழுதின் வேரைத் தேடுவதையும் தனித்தனிப் பணிகளாக வைத்தது. ஏட்டில் இரண்டும் பல நிறுவனங்களில் உண்டு. ஆனால் டிக்கெட்டை மூடியவருக்குக் கிடைக்கும் பாராட்டு, டிக்கெட்டே வராமல் செய்தவருக்குக் கிடைப்பதில்லை.

இந்த அளவுகோலின் ஓட்டையைக் காண நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை நல்ல இடம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மலைச்சரிவுகளில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. செல்பேசி அலை எல்லாச் சரிவுக்கும் ஒன்றுபோல் எட்டாது. 2017இல் ஸ்மார்ட் குடும்ப அட்டையும் பின்னர் கைரேகைப் பதிவும் வந்த பிறகு, ரேஷன் கடையின் பிஓஎஸ் கருவி அந்த அலையைத்தான் நம்பியிருக்கிறது. சேவை 99.5 விழுக்காடு நேரம் கிடைத்தது என்பது கேட்க நிறைவான எண். முப்பது நாள் மாதத்தில் அது 216 நிமிட முடக்கத்தை அனுமதிக்கிறது. அந்த 216 நிமிடமும் அரிசி போடும் நாளின் காலையிலேயே விழுந்தால், அடுத்த ஊரிலிருந்து நடந்து வந்த மூதாட்டிக்கு அன்றைய கூலி போயிற்று. தமிழகத்தின் 34,000-க்கும் மேற்பட்ட கடைகளின் சராசரியிலோ அது ஒரு கீறல்கூட ஆகாது.

கைரேகை பதியாதபோது மாற்று வழியில் பொருள் வழங்க இங்கே இடமுண்டு. மக்கள் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான ஏற்பாடு. அதை யாரும் குறைசொல்லக் கூடாது. ஆனால் அரிசி கிடைத்துவிட்டதால் புகார் எழுவதில்லை. புகார் இல்லாத பழுதைத் தலைமை அலுவலகம் எங்கிருந்து காணும்?

ஒவ்வொரு பழுதின் வேரையும் தேடுவது கட்டுப்படியாகாது என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு சிற்றூருக்காகக் கோபுரம் எழுப்பக் கணக்கு ஒத்துவராமல் போகலாம். என் கேள்வி பொறுப்பைப் பற்றியது. கருவியைப் பராமரிப்பவர், அலைபேசி நிறுவனம், மின்வாரியம் என மூவரும் தத்தம் ஒப்பந்தத்துக்குள் நேர்மையாகவே நிற்கலாம். அப்போதும் கடை மாதந்தோறும் முடங்கும். திரும்ப வரும் பழுது மூவரில் யாருடைய கணக்கிலும் இல்லை.

எனவே சேவைத்தரத்தைக் கடைவாரியாகவும் வழங்கல் நாள்வாரியாகவும் அளக்க வேண்டும். ஒரே காரணத்தால் தொண்ணூறு நாளுக்குள் பழுது திரும்பினால் புதிய டிக்கெட் கூடாது. பழைய டிக்கெட்டே திறக்கப்பட்டு, முதல் நாளிலிருந்து கெடு எண்ணப்பட வேண்டும். அந்த விதி வந்ததும் ஒரே பழுதுக்கு மாதம் ஒரு காரணம் எழுதும் சாமர்த்தியம் பிறக்கும். ஆகவே டிக்கெட்டை மூடுபவரிடம் காரணத்தைக் குறிக்கும் வேலையையும் கொடுக்கக் கூடாது. கடை விற்பனையாளரின் சொல்லைக் கேட்டு வேறொருவர் குறிக்க வேண்டும்.