ஆலை நிலம்: மூன்றில் ஒரு பங்கின் வரலாறு

ஆலை ஒன்று மூடப்பட்டால் தொழிலாளியின் கூலி நிற்கிறது என்பதை அனைவரும் அறிவர். அந்த ஆலை நின்ற நிலம் பின்னர் யாரிடம் சேர்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. சென்னையில் புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் வாழும் நம் இளைஞர்களுக்கு இக்கேள்வி அயலானதன்று. 1921 ஆம் ஆண்டு பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் வேலைநிறுத்தத்தையொட்டி நம் மக்களின் குடிசைகள் எரிந்த வரலாற்றை அவர்கள் தம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருப்பர். அவ்வாலை 1996 இல் மூடப்பட்டது. அதன் நிலத்தில் இன்று உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக அந்த மதிலை ஒட்டி வாழ்ந்தோருக்கு அந்நிலத்தில் பங்கு உண்டா என்ற வினா அங்கே உரக்க எழவேயில்லை.

அவ்வினா எழுந்து, சட்டமாகவும் எழுதப்பட்டு, பிறகு ஒரு சொல்லின் பொருளால் தோற்றுப்போன இடம் பம்பாய், அதாவது இன்றைய மும்பை. அந்த வரலாற்றையே இம்மலரில் எழுத முற்படுகிறோம்.

பம்பாயின் முதல் பஞ்சாலைக்கு 1854 இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் அடிகோலினார். அதன்பின் பரேல், லால்பாக், வொர்லி, தாதர் ஆகிய பகுதிகளில் ஆலைகள் நெருங்கி எழுந்தன. அவ்வட்டாரத்தை மராத்தியில் ‘கிரண்காவ்’, அதாவது ஆலைகளின் ஊர், என்றே அழைத்தனர். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த ஏழைகள், ‘சால்’ எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் ஓர் அறைக்குப் பலராகத் தங்கி உழைத்தனர். பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களும் பரேலில் அத்தகைய ஒரு சாலில் பல ஆண்டுகள் வாழ்ந்தவரே.

ஆலைக்குள்ளும் சாதி இருந்தது. கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லை. இதற்குக் கூறப்பட்ட காரணம் கேட்போரைத் திகைக்க வைக்கும். தறியில் ஊடை நூல் தீர்ந்ததும் புதிய தாரை நாடாவில் பொருத்தி, நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தாழ்த்தப்பட்டவன் வாய்வைத்த நாடாவில் மற்றவன் வாய்வைப்பதா என்பதே அக்காரணம். ஆகவே நம் மக்கள் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே நிறுத்தப்பட்டனர். 1928 ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் இந்த அநீதியை வேலைநிறுத்தத் தலைவர்களின் முன் வைத்தார். முதலாளியிடம் நீதி கேட்கும் தொழிலாளி, தன் தோழனுக்கு அதை மறுக்கலாமா என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம். இவ்வளவு வேறுபாடு கண்டும் அவர் தொழிலாளர் இயக்கத்தைக் கைவிட்டாரில்லை. 1938 நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் இணைந்தே நின்றனர். ஆலைகளில் நம் பங்கு இவ்வாறு குறைத்து அளக்கப்பட்ட பங்கு என்பதை, பின்வரும் நிலக் கதையைப் படிக்கையில் நினைவிற் கொள்ளுதல் நலம்.

1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. தொழிலாளர் சிதறினர், பலர் ஊர் திரும்பினர். பல ஆலைகள் மீண்டும் ஓடவில்லை. சில பெயரளவில் ஓடின. ஆனால் அவை நின்ற நிலமோ நகரத்தின் நடுவிலே, இரயில் நிலையங்களுக்கு அருகிலே, ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்பில் கிடந்தது. நூலும் துணியும் தராத ஆலை, நிலமாக விலைபோனால் பெரும் செல்வம் தரும் என்பதை உடைமையாளர் உணரத் தலைப்பட்டனர்.

1991 இல் அம்மாநில அரசு நகர வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டது. அவற்றுள் 58 ஆம் விதி ஆலை நிலத்தைப் பற்றியது. ஆலை நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற விரும்புவோர் அதை ஏறத்தாழ மூன்று சம பங்குகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொதுப் பயனுக்காக மாநகராட்சிக்கு. மற்றொரு பங்கு எளியோர் வீடுகளுக்காக மாநில வீட்டுவசதி ஆணையத்துக்கு. எஞ்சிய பங்கு உடைமையாளருக்கு. நிலத்தின் அளவைப் பொறுத்து இப்பங்குகள் சற்றுக் கூடும், குறையும்; அடிப்படை அதுவே. 600 ஏக்கரும் இவ்விதிக்கு உட்பட்டிருந்தால் பூங்காவுக்கு ஏறத்தாழ 200 ஏக்கர், வீட்டுக்கு ஏறத்தாழ 200 ஏக்கர் கிடைத்திருக்கும் என்பது எளிய கணக்கு. இந்திய நகரங்களில் ஏழைகளுக்காக எழுதப்பட்ட நில விதிகளுள் இதனினும் நேர்மையான ஒன்றை நாம் அறியோம்.

1996 இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, தேசிய ஜவுளிக் கழகத்தின் வசமிருந்த 25 ஆலைகளின் நிலங்களை ஆராய்ந்தது. ஒவ்வோர் ஆலையிலும் தனித்தனியே மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் துண்டு துண்டான மூலைகளே பொதுமக்களுக்கு மிஞ்சும். எல்லா நிலத்தையும் ஒன்றாக வைத்துத் திட்டமிட்டால் உண்மையான பூங்காவும் உண்மையான குடியிருப்பும் கிடைக்கும் என்பது அக்குழுவின் கருத்து. அறிக்கை அரசிடம் சேர்ந்தது, செயலுக்கு வரவில்லை.

இதற்கிடையே உடைமையாளர் பெரும்பாலோர் 1991 விதியின்படி முன்வரவில்லை. மூன்றில் இரு பங்கைக் கொடுப்பதைவிட, பழைய கொட்டகைகளையே அலுவலகங்களாகவும் கடைகளாகவும் உணவு விடுதிகளாகவும் மாற்றுவது அவர்களுக்கு ஆதாயமாயிற்று. அத்தகைய வளாகம் ஒன்றான கமலா ஆலையில் 2017 டிசம்பரில் ஏற்பட்ட தீவிபத்தில் 14 பேர் மாண்டதை நாடே அறியும். விதி கடுமையாக இருப்பதால்தான் நிலம் முடங்கிக் கிடக்கிறது, தொழிலாளரின் நிலுவையும் கிடைக்காமல் போகிறது என்று அரசு கூறியது. அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதற்கு அரசு கண்ட மருந்துதான் நோயினும் கொடியது.

2001 இல் 58 ஆம் விதி திருத்தப்பட்டது. மூன்று பங்கு என்ற கணக்கு மாறவில்லை. எதைப் பங்கிடுவது என்பது மாறியது. இனி ‘திறந்த நிலம்’ மட்டுமே பங்குக்கு உரியது; ஏற்கெனவே கட்டடம் நின்ற இடம், அக்கட்டடத்தை இடித்தபின் வெறுமையானாலும், திறந்த நிலமாகாது! இளைஞர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். பத்து ஏக்கர் ஆலை ஒன்றில் எட்டு ஏக்கரில் கொட்டகைகள் நின்றன என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி பூங்காவுக்கும் எளியோர் வீட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஆறரை ஏக்கருக்கு மேல் சேர வேண்டும். புதிய விதிப்படி எஞ்சிய இரண்டு ஏக்கரே பங்குக்கு வரும். அதில் இவ்விரண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஒன்றே கால் ஏக்கருக்குச் சற்று மேல். பஞ்சாலை என்பதே நிலத்தை அடைத்துக் கட்டிய கொட்டகைதானே! ஒரு சொல்லின் பொருளை மாற்றியதால், ஒரு நகரத்தின் ஏழைகள் பெற வேண்டிய நிலம் கை நழுவிற்று.

2005 இல் தேசிய ஜவுளிக் கழகம் மும்பையில் ஐந்து ஆலைகளின் நிலத்தை விற்றது. அவற்றுள் ஒன்று மட்டும் 702 கோடி ரூபாய்க்குப் போயிற்று. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று பொதுநல வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், இடித்தபின் வெறுமையாகும் நிலமும் திறந்த நிலமே என்று பொருள் கொண்டு, மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மகிழ்ச்சி ஐந்து மாதமே நீடித்தது. 2006 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, 2001 திருத்தம் செல்லும் என்றது.

நிலத்தின் அளவைப் பற்றி இவ்வளவு வழக்காடியவர்கள், அதன் தன்மையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினர் என்பது நமக்கு வியப்பளிக்கிறது. நூறாண்டு ஆலை நடந்த மண் வெறும் மண்ணன்று. சாயப் பிரிவின் கழிவும், கொதிகலனின் நிலக்கரிச் சாம்பலும், மின்மாற்றிகளிலிருந்து கசிந்த எண்ணெயும், உடைந்த கல்நார்க் கூரைத் தூளும் அதில் கலந்திருக்கக்கூடும். மேலை நாடுகளில் இத்தகைய இடத்தைப் ‘பழுப்பு நிலம்’ என்பர். அதில் குழந்தைகளின் விளையாட்டிடத்தையோ வீட்டையோ அமைக்குமுன், எந்தப் பிரிவு எங்கே நின்றது என்பதைப் பழைய வரைபடங்களில் தேடி, அவ்விடங்களில் துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, கெட்ட மண்ணை அகற்றியோ மூடியோ விடுவது முறை. இம்முறை எளிதில் பிறந்ததன்று. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் லவ் கால்வாய் என்னுமிடத்தில் ஒரு நிறுவனம் இரசாயனக் கழிவைப் புதைத்துவிட்டு, 1953 இல் அந்நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்குக் கொடுத்தது. பள்ளி எழுந்தது; சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978 இல் அங்கே நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற நேர்ந்தது. அதன் பின்னரே, 1980 இல், நச்சு நிலங்களைத் துப்புரவு செய்யும் சட்டம் அந்நாட்டில் வந்தது. நம் நாட்டில் மாசுற்ற இடங்களுக்கென்றே தனி விதிகள் 2025 இல்தான் வெளியாயின.

மலிவான வீடு என்றதும் நாம் முதலில் கேட்க வேண்டியது அது எந்த மண்ணில், எந்தக் காற்றில் என்பதே. மும்பையிலேயே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய மாஹுலில் குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குடியமர்த்தினர். அப்பகுதியின் காற்று உடல்நலத்துக்குக் கேடானது என்று 2015 இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கண்டது. அங்கே போக மறுத்தோருக்கு மாற்றிடம் அல்லது மாதம் 15,000 ரூபாய் வாடகை தரவேண்டும் என்று 2019 இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நல்ல நிலம் விலைக்குப் போகும். கெட்ட நிலம் ஏழைக்கு வரும். இதனை விதி என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆலைத் தொழிலாளருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2012 ஜூனில் பழைய ஆலை நிலங்களில் கட்டிய 6,925 வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. ஒவ்வொன்றும் 225 சதுர அடி. 2020 இல் மேலும் 3,894 வீடுகளுக்குக் குலுக்கல். விண்ணப்பித்த தொழிலாளரும் வாரிசுகளுமோ ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது இளைஞராக இருந்தவர், குலுக்கலில் பெயர் வந்தபோது பேரப்பிள்ளை எடுத்திருந்தார்; பலர் அதற்குள் இறந்துபோயினர்.

ஒரே ஓர் ஆலையின் கதை வேறு விதமாக முடிந்தது. 1956 டிசம்பர் 7 அன்று பாபாசாகேபின் உடல் எரியூட்டப்பட்ட தாதர் கடற்கரையில் இன்று சைத்ய பூமி உள்ளது. ஆண்டுதோறும் டிசம்பர் 6 அன்று இலட்சக்கணக்கான மக்கள் அங்கே வருகின்றனர். அதன் அருகே, தேசிய ஜவுளிக் கழகத்தின் இந்து ஆலை ஏறத்தாழ 12 ஏக்கரில் மூடிக் கிடந்தது. அதனை நினைவிடத்துக்குத் தரவேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் கோப்புகளிலேயே உறங்கியது. 2011 டிசம்பர் 6 அன்று, பாபாசாகேபின் பேரர் ஆனந்தராஜ் அம்பேத்கர் தலைமையில் தொண்டர்கள் அந்த ஆலைக்குள் புகுந்து அமர்ந்தனர். சரியாக ஓராண்டில், 2012 டிசம்பரில், நிலத்தை வழங்க மத்திய அரசு இசைந்தது. 2015 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

அந்நிலம் முழுவதும் நினைவிடத்துக்கே உரியது. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், மற்ற ஆலைகளில் வீட்டுக்கும் பூங்காவுக்கும் உரிய பங்கைக் கேட்டு அவ்வாறு உள்ளே புகுந்து அமர ஒருவரும் இல்லாமற் போயினரே என்று நாம் சில வேளைகளில் எண்ணுவதுண்டு. பரேலில் பாபாசாகேப் வாழ்ந்த அந்தச் சால் இன்னும் நிற்கிறது. அதைச் சூழ்ந்த பகுதிகளில் ஆலைப் புகைபோக்கிகள் இருந்த இடங்களில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன.