சிவகாசியும் 'சுயமுயற்சி' என்னும் ஐதீகமும்

சிறுநகரங்களின் தொழில் வளர்ச்சியைத் தனிமனிதரின் ஊக்கத்தால் மட்டும் விளக்கும் போக்கு நம்மிடையே வலுவாக உண்டு. சிவகாசியின் வரலாறு அதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. 1922 இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வானம் பார்த்த கரிசல் பூமியில் ஒரு தொழில் நகரம் எழுந்தது. இது மறுக்கவியலாத உண்மை. ஆயின் முழு உண்மையன்று.

முதலாவது, அம்முயற்சிக்கு ஒரு சமூகப் பின்புலம் இருந்தது. 1899 இல் சிவகாசியிற் சாதிக் கலவரத்தைச் சந்தித்த நாடார் சமூகம், பேட்டைகளிற் சேர்த்த மகமையையும் உறவின்முறை அமைப்பையும் கொண்டு தன்னைக் காத்துக்கொண்டது. 1921 இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி நிறுவப்பட்டது. ஒடுக்குமுறைக்கு எதிரான கூட்டு அரணே வணிக மூலதனத்தின் திரட்சிக்கும் துணைநின்றது எனலாம்.

இரண்டாவது, உலகச் சந்தை. 1922 இல் தீப்பெட்டி இறக்குமதித் தீர்வை உயர்த்தப்பட்டமை உள்நாட்டு உற்பத்திக்கு வாய்ப்பளித்தது. அதே தீர்வைச் சுவரைத் தாண்டச் சுவீடிய மூலதனமும் 1923 இல் இந்தியாவிலேயே கம்பனி அமைத்தது. இயந்திர பலம் மிக்க இப்போட்டியாளரைச் சிவகாசி எதிர்கொண்டது எவ்வாறு?

விடை மூன்றாவது காரணியில் உள்ளது: மலிவான உழைப்பு. தொடக்கத்தில் ஜேர்மன் இயந்திரங்களைக் கையாண்டோர் விரைவிலேயே கைத்தொழில் முறைக்கு மாறினர். மழை பொய்த்த கிராமங்களின் பெண்களும் சிறுவர்களும் குச்சி அடுக்கினர், பெட்டி ஒட்டினர். கூலி எண்ணிக்கைக் கணக்கில் வழங்கப்பட்டது. சுதந்திரத்தின் பின் சிறு உற்பத்தியாளருக்குக் கிட்டிய ஆயத்தீர்வைச் சலுகையும் இம்முறையை நிலைபெறச் செய்தது. விடியுமுன் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்ட குழந்தைகளின் நிலை 1980களிற் பரவலாக வெளிவந்தது. 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம், சட்டவிரோதமாக வேலைக்கமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபா செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

சாதிய ஒடுக்குமுறையை எதிர்த்து எழுந்த ஒரு சமூகத்தின் சாதனை முற்போக்கானதே. எனினும் அச்சமூகத்தினுள்ளும் புறத்தும் புதிய வர்க்க உறவுகளை அது தோற்றுவித்தமையும் வரலாறே. தென்னிலங்கை நகரங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக் கடைகளை ஆராய்வோரும், கல்லாவில் இருந்தவரோடு இலை சுருட்டிய கைகளையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். முயற்சியாளர் பெயரை மட்டும் பொறிக்கும் வரலாறு பாதி வரலாறேயாகும்.